வீடு திரும்பியபின் மூன்று வாரம்

சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள ஒருவருக்கு மார்கழிப் பனியில் சளி பிடிக்கிறது. இரண்டு நாளில் இருமல் கூடுகிறது, சளி மஞ்சளாகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. அவசரப் பிரிவில் ஆக்சிஜன், நெபுலைசர், ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக் என்று சிகிச்சை நடக்கிறது. ஐந்தாறு நாளில் வீசிங் அடங்கி, கையில் டிஸ்சார்ஜ் சம்மரியோடு வீட்டுக்குப் போகிறார். அந்தத் தாளில் மாத்திரைகளின் பெயர் இருக்கும். இன்ஹேலர் எத்தனை வேளை என்று இருக்கும். ஒரு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கும். கால் தசைக்கு என்ன செய்வது என்று பெரும்பாலும் எதுவும் இருக்காது.

நுரையீரல் நோயில் கால் எங்கே வந்தது என்று கேட்கலாம். நோய் முற்றி மருத்துவமனைக்குப் போய்த் திரும்பியவர்களுக்கு உடனே உடற்பயிற்சி கொடுக்கலாமா, கொடுத்தால் எப்போது, யார் கண்காணிப்பில் என்பதை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவ உலகம் விவாதித்து வருகிறது. விவாதத்தில் ஒரு பகுதி இன்று ஏறக்குறைய முடிந்துவிட்டது. எஞ்சியிருக்கும் பகுதி மருத்துவத்தைவிட நிர்வாகம் சார்ந்தது. இரண்டையும் ஒருசேரப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூச்சு தேறும் வேகமும் கால் தேறும் வேகமும்

சிஓபிடியில் நோய் திடீரென முற்றுவது சில நாள் தொல்லையோடு முடிந்துபோகிற விஷயமல்ல. லண்டன் நோயாளிகளை நாள்தோறும் பின்தொடர்ந்து 2000-ல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. பாதிப் பேருக்கு மூச்சை ஊதி வெளியேற்றும் வேகம் ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் நான்கில் ஒருவருக்கு ஐந்து வாரமாகியும் திரும்பவில்லை. நூற்றில் ஏழு பேருக்கு மூன்று மாதம் கழித்தும் திரும்பவில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் முதன்முறையாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 73,106 சிஓபிடி நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, 3.6 ஆண்டுகளில் பாதிப் பேர் இறந்துபோயிருந்தார்கள். அமெரிக்காவில் இந்நோயால் சேர்ந்து வீடு திரும்புகிறவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் ஒரு மாதத்துக்குள் மறுபடி மருத்துவமனை வாசலுக்கு வருகிறார்.

இந்தச் சரிவில் தசைக்குப் பெரிய பங்குண்டு. பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வாளர்கள் மருத்துவமனையில் இருந்த நோயாளிகளின் உடலில் அசைவை அளக்கும் கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். பகல் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட அவர்கள் நிற்கவோ நடக்கவோ இல்லை. வீடு திரும்பி ஒரு மாதமான பிறகும் அது ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. படுக்கை, காய்ச்சல், சரியாகச் சாப்பிடாதது, ஸ்டீராய்டு எல்லாம் சேர்ந்து தொடையின் முன்பக்கத் தசையை ஒரு வாரத்துக்குள்ளேயே தளரச் செய்கின்றன. தளர்ந்த தசை அதே வேலைக்குக் கூடுதலாக மூச்சு கேட்கும். மூச்சு வாங்குவதால் நடையைக் குறைப்பார்; நடை குறைந்ததால் தசை இன்னும் தளரும்.

வீட்டார் அக்கறையோடு செய்வதும் இந்தச் சுழலுக்கு உதவிவிடுகிறது. "அப்பா, நீங்க எந்திரிக்காதீங்க, தண்ணிய நான் கொண்டாரேன்" என்று மகள் சொல்கிறாள். முதலில் தண்ணீர், பிறகு சாப்பாடு கட்டிலுக்கே வருகிறது, பிறகு கழிப்பறைக்குப் போகவும் ஒரு கை பிடிக்க வேண்டியிருக்கிறது. இன்ஹேலர் மூச்சுக்குழாயைத் திறந்துவிடும், உண்மைதான். ஆனால் நாற்காலியிலிருந்து எழும் பலத்தை எந்த இன்ஹேலரும் தராது.

பயிற்சியின் உள்ளே

நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி, மருத்துவர்கள் வாயில் பல்மனரி ரீஹேப், புதிய யோசனை அல்ல. மூச்சிரைப்பு நோயாளியை ஓய்வில் வைக்க வேண்டும் என்றிருந்த காலத்திலேயே, 1950-களில், ஆல்வன் பராக் என்ற அமெரிக்க மருத்துவர் ஆக்சிஜன் கொடுத்து நடக்கவைக்கலாம் என்றார். 1960-களில் டென்வர் நகரில் தாமஸ் பெட்டி அதை ஒழுங்கான புறநோயாளித் திட்டமாக நடத்திக் காட்டினார். நோய் நிலையாக இருக்கும் காலத்தில் இப்பயிற்சி பயன் தரும் என்பதில் இன்று ஐயமில்லை. 65 ஆய்வுகளையும் 3,822 நோயாளிகளையும் தொகுத்த 2015-ம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வுக்குப் பிறகு, வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டு இதை மறுபடி மறுபடி நிரூபிக்கத் தேவையில்லை என்று அத்துறையினரே சொல்லிவிட்டார்கள்.

வழக்கமான திட்டம் ஆறு முதல் எட்டு வாரம் நடக்கும். வாரத்துக்கு இரண்டு நாள் மையத்தில், மற்ற நாள்களில் வீட்டில். முதல் நாள் ஆறு நிமிட நடைச் சோதனை. 30 மீட்டர் நீளமுள்ள சமதளத் தாழ்வாரத்தின் இரு முனைகளிலும் ஒரு கூம்பு வைத்திருப்பார்கள். விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப், நெஞ்சு அடைத்தால் உட்கார ஒரு நாற்காலி. நோயாளி தன் வேகத்தில் போய்த் திரும்பிக்கொண்டிருப்பார். நின்று மூச்சு வாங்கலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் என்பது கணக்கு. ஏறத்தாழ 30 மீட்டர் கூடினாலே அன்றாட வாழ்க்கையில் தெரியும் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த அளவை வைத்துப் பயிற்சியை நிர்ணயிப்பார்கள். நடை அல்லது நின்ற இடத்துச் சைக்கிள், தொடைக்கும் தோளுக்கும் எடைப் பயிற்சி, உதட்டைக் குவித்து மெல்ல ஊதும் மூச்சு முறை, இன்ஹேலரைச் சரியாக இழுப்பது, சளி நிறம் மாறினால் என்ன செய்வது என்ற பாடம் எல்லாம் இதில் அடங்கும். மூச்சிரைப்பைப் பூஜ்யம் முதல் பத்து வரை நோயாளியே மதிப்பிடச் சொல்வார்கள். நான்கு முதல் ஆறு வரை இருந்தால் பயிற்சி சரியான அளவில் நடக்கிறது. மூச்சே வாங்காத நடையில் தசை வளராது என்பதைப் புரியவைக்கத்தான் பிசியோதெரபிஸ்ட்டுக்கு நேரம் பிடிக்கும். மூன்று பந்து ஸ்பைரோமீட்டரை ஊதுவதும் இழுப்பதும்தான் பயிற்சி என்று பலர் வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கால் உழைக்காத திட்டத்தை ரீஹேப் என்று சொல்ல முடியாது.

முதல் அலை: நம்பிக்கை தந்த எண்கள்

நோய் நிலையாக இருக்கும்போது பயன் தருவது, முற்றித் தணிந்த உடனே கொடுத்தாலும் பயன் தருமா? 2004-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழு 42 பேரை வைத்துச் சோதித்தது. டிஸ்சார்ஜான பத்து நாளுக்குள் பயிற்சி தொடங்கியவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடச் சராசரியாக 60 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். 2010-ல் அதே ஊரிலிருந்து வந்த இன்னொரு ஆய்வில் 60 பேர். மூன்று மாதத்துக்குள் நோய் முற்றி மறுபடி சேர்க்கப்பட்டவர்கள், பயிற்சி இல்லாத குழுவில் 33 சதவீதம், பயிற்சி பெற்ற குழுவில் 7 சதவீதம்.

மிலோ பூஹன் தலைமையில் 2011-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு இப்படிப்பட்ட 9 சிறு ஆய்வுகளை, மொத்தம் 432 நோயாளிகளை, ஒன்றுசேர்த்தது. நான்கு பேருக்குப் பயிற்சி கொடுத்தால் ஒருவருடைய மறுசேர்க்கை தவிர்க்கப்படுகிறது. ஆறு பேருக்குக் கொடுத்தால், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் ஓர் உயிர் காப்பாற்றப்படுகிறது என்று அது கணக்கிட்டது. சிஓபிடி மருந்துகளில் இவ்வளவு பெரிய பலனைக் காட்டியவை அரிது. துறை உற்சாகமானது.

நோயின் நடுவிலேயே தசைக்கு வேலை கொடுத்தால் அழற்சி கூடிவிடுமோ என்ற பழைய அச்சத்துக்கும் அதற்கு முன்பே ஒரு பதில் வந்திருந்தது. 2010-ல் தியரி ட்ரூஸ்டர்ஸ் குழு லூவனில், மருத்துவமனைப் படுக்கையில் இருந்த 40 பேரில் ஒரு பகுதியினருக்குத் தொடைத் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தது. அவர்கள் தசை வலு சுமார் 10 சதவீதம் கூடியது. உடலின் அழற்சிக் குறியீடுகள் கூடவில்லை.

லெஸ்டர் கொடுத்த அதிர்ச்சி

2014-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் குழு, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் தன் முடிவை வெளியிட்டது. அதுவரை வந்த ஆய்வுகளைவிட இது மிகப் பெரியது: 389 பேர், பெரும்பாலோர் சிஓபிடி நோயாளிகள். சேர்ந்து 48 மணி நேரத்துக்குள் படுக்கையருகே பயிற்சி தொடங்கியது. நடை, எடைப் பயிற்சி, தொடைத் தசைக்கு மின் தூண்டல் எல்லாம் அதில் உண்டு. வீடு திரும்பிய பிறகு ஆறு வாரத்துக்கு நோயாளி தானே செய்ய வேண்டும்; இடையிடையே தொலைபேசியில் விசாரிப்பார்கள்.

ஓராண்டில் மறுசேர்க்கை பயிற்சிக் குழுவில் 62 சதவீதம், மற்றதில் 58. வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும். அதிர்ச்சி இறப்புக் கணக்கில் இருந்தது. பயிற்சிக் குழுவில் 25 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். மற்றதில் 16 சதவீதம். அதற்கு முன்பே, 2011-ல், 60 பேரை வைத்து நடந்த ஹாங்காங் ஆய்வு ஒன்றும் மருத்துவமனையை நாடுவதைப் பயிற்சி குறைக்கவில்லை என்று கண்டிருந்தது.

லெஸ்டர் முடிவைப் பலர் தவிர்க்க முயன்றார்கள். சிலர் அதையே கடைசி வார்த்தையாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் அவசரம். இறப்பு அந்த ஆய்வின் முதன்மைக் கேள்வி அல்ல. பயிற்சி ஏன் உயிரிழப்பைக் கூட்டியிருக்க வேண்டும் என்பதற்கு உடலியல் விளக்கத்தை ஆய்வாளர்களாலும் தர முடியவில்லை. எனவே தற்செயல் என்பதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் திட்டத்தின் வடிவத்தைப் பார்த்தால் வேறு சிலது தெரிகிறது. கண்காணித்த பயிற்சி மருத்துவமனையில் இருந்த சில நாள் மட்டுமே. பிறகு நோயாளி தனியாக. அதைவிட முக்கியமாக, வழக்கமான புறநோயாளி ரீஹேப் வகுப்பில் பின்னால் கூடுதலாகச் சேர்ந்தவர்கள் பயிற்சி பெறாத குழுவினரே. "எனக்குத்தான் பயிற்சி கொடுத்துவிட்டார்களே" என்று மற்றவர்கள் ஒதுங்கியிருக்கக்கூடும். அப்படிப் பார்த்தால் லெஸ்டரில் தோற்றது நேரடிக் கண்காணிப்பில்லாமல் மிக முன்னதாகக் கொடுத்த ஒரு சிறு அளவு பயிற்சி. முன்கூட்டிய மறுவாழ்வு முழுவதும் தோற்றது என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

2016-ல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் மதிப்பாய்வு இந்தச் சிக்கலை நேர்மையாகக் கையாண்டது. இப்போது 20 ஆய்வுகள், 1,477 நோயாளிகள். மறுசேர்க்கை இன்னும் குறைவாகவே இருந்தது, ஆனால் 2011-ல் சொன்ன அளவுக்கு இல்லை. நடை தூரம் சராசரியாக 62 மீட்டர் கூடியது; வாழ்க்கைத் தர மதிப்பீட்டில் நான்கு புள்ளி போதும் என்ற இடத்தில் ஏறக்குறைய எட்டு புள்ளி முன்னேற்றம். இறப்பு குறைகிறதா என்பது மட்டும் உறுதியாகவில்லை. ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுவதற்குப் பயிற்சியின் விரிவே முக்கியக் காரணம். விரிவான திட்டங்களில் பலன் கூடுதல். கண்காணிக்கப்பட்ட திட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்ட 2018-ம் ஆண்டின் டென்மார்க் தொகுப்பு, 13 ஆய்வுகளில் 801 பேரிடம் இறப்பு அபாயம் 42 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. மேற்பார்வை எந்த அளவு முக்கியம் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

வழிகாட்டிகள் சொல்வது

பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி 2013-ல், டிஸ்சார்ஜான ஒரு மாதத்துக்குள் தொடங்கச் சொன்னது. 2017-ல் ஐரோப்பிய, அமெரிக்க நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டி மூன்று வாரத்துக்குள் என்றது. மருத்துவமனையில் இருக்கும்போதே தொடங்க வேண்டாம் என்றும் சொன்னது. இரண்டும் வலுவற்ற சான்றின் மேல் தந்த நிபந்தனையுள்ள பரிந்துரைகள் என்பதை அதுவே ஒப்புக்கொண்டது. 2023-ல் அமெரிக்கச் சங்கம், மருத்துவமனையிலிருந்து திரும்பிய சிஓபிடி நோயாளிகளுக்கு ரீஹேப் கொடுக்க வேண்டும் என்று உறுதியான பரிந்துரையே செய்துவிட்டது.

இதில் ஒரு தவறான புரிதலைத் தவிர்க்க வேண்டும். மருத்துவமனையில் தொடங்க வேண்டாம் என்பது முழுப் பயிற்சித் திட்டத்தைப் பற்றியது. படுக்கையிலேயே கிடக்க வேண்டும் என்று அதற்குப் பொருளில்லை. உட்காரவைப்பது, கட்டிலோரம் நிற்கவைப்பது, கழிப்பறைவரை நடத்திக் கூட்டிப்போவது எல்லாம் நல்ல வார்டு பராமரிப்பின் பகுதி. மூச்சுக்கு உதவும் பைபாப் முகமூடி தேவைப்படுகிறவர், நெஞ்சுவலி அடங்காதவர், கொஞ்சம் நடந்தாலே ஆக்சிஜன் அளவு விழுகிறவர் போன்றவர்களுக்குப் பயிற்சி பொறுத்திருக்கலாம்.

வராதவர்களின் கணக்கு

இவ்வளவு சான்று இருந்தும் பயிற்சிக்கு யார் வருகிறார்கள்? அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டின் பதிவுகளை 2020-ல் ஒரு குழு அலசியது. 2014-ல் சிஓபிடிக்காக மருத்துவமனையில் இருந்து திரும்பிய 1,97,376 பேரில் 90 நாளுக்குள் ரீஹேப் தொடங்கியவர்கள் 2,721 பேர், சுமார் 1.4 சதவீதம். அவர்களில் ஓராண்டில் இறந்தவர்கள் 7.3 சதவீதம், மற்றவர்களில் 19.6 சதவீதம். வயது, கூடவே இருக்கும் நோய்கள் போன்றவற்றைச் சமன்செய்த பிறகும் இறப்பு அபாயம் 37 சதவீதம் குறைவு. இது கவனித்து எழுதிய கணக்கே ஒழிய, குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனை அல்ல. தெம்புள்ளவர்தான் வகுப்புக்கு வந்திருப்பார் என்ற சந்தேகம் இருக்கவே செய்யும். ஆனால் 1.4 சதவீதம் என்ற எண்ணில் சந்தேகமில்லை.

இலவசப் பொது மருத்துவம் உள்ள இங்கிலாந்திலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. வடமேற்கு லண்டனில் 448 டிஸ்சார்ஜ்களைப் பின்தொடர்ந்த 2014-ம் ஆண்டு ஆய்வில் பயிற்சியை முடித்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. பாதை ஒவ்வொரு படியிலும் ஆளை உதிர்க்கிறது. டாக்டர் பரிந்துரைப்பதில்லை, பரிந்துரைத்தவர்களில் பலர் சம்மதிப்பதில்லை, சம்மதித்தவர்களில் பலர் பாதியில் நிற்கிறார்கள். பயிற்சி முடித்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பேசும் வீடியோவை டிஸ்சார்ஜின்போது காட்டிப் பார்த்தார்கள். வருகை குறிப்பிடும்படி கூடவில்லை. அப்படியானால் தகவல் இல்லாதது மட்டும் காரணம் அல்ல. பலன் அதிகமாகத் தேவைப்படும் அந்த மூன்று வாரத்தில்தான் நோயாளிக்குத் தெம்பு குறைவு, பயம் அதிகம், பேருந்தேற வழியில்லை, கூட வர வீட்டில் ஆளில்லை. மையத்தில் காத்திருக்கும் திட்டம் இந்த நேரத்தில் தோற்பது இயல்பு.

வீட்டுக்குப் போகும் பயிற்சி

மெல்போர்னில் ஆன் ஹாலண்ட் குழு 166 நிலையான நோயாளிகளிடம் 2017-ல் இதற்கு ஒரு மாற்றைச் சோதித்தது. பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை வீட்டுக்குப் போவார். பிறகு வாரம் ஒருமுறை என ஏழு தொலைபேசி அழைப்புகள். பயிற்சி முடிந்தபோது நடை தூரத்தில் இது மைய வகுப்புக்குக் குறையவில்லை. ஆனால் அவர்கள் நோய் நிலையாக இருந்தவர்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பிய உடனே இருப்பவருக்குத் தொலைபேசி போதுமா என்று கேட்டால், லெஸ்டர் அனுபவம் எச்சரிக்கிறது. வீட்டுக்கு ஆள் போக வேண்டும், அதுவும் ஒருமுறை போதாது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்குச் சொல்ல ஒன்று உண்டு. இந்தியாவில் 2016-ல் சுமார் 5.53 கோடிப் பேருக்கு சிஓபிடி இருந்ததாக உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது. அந்தச் சுமையில் பாதிக்கு மேல் காற்று மாசுக்குச் சேரும். புகையிலையின் பங்கு நான்கில் ஒன்றுதான். பீடியைத் தொட்டுக்கூடப் பார்க்காத பெண்கள் விறகடுப்பின் முன் உட்கார்ந்தே நோயாளியாகிறார்கள். திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களைச் சோதித்த ஆய்வு 2.44 சதவீதம் பேருக்கு இந்நோய் இருப்பதைக் கண்டது. காசநோய் குணமாகியும் நுரையீரல் தழும்போடு வாழ்கிறவர்கள் இந்தக் கணக்குக்கு வெளியே. இப்படிப்பட்டவர்கள் மாவட்டத் தலைநகரில் உள்ள வகுப்புக்கு வாரம் இரண்டு நாள் வருவார்கள் என்று திட்டம் போட முடியாது.

வீட்டில் வைத்துச் சிகிச்சை தர முடியுமா என்ற கேள்விக்குச் சென்னை ஒருமுறை உலகத்துக்கே பதில் சொன்னது. காசநோயாளி சானடோரியத்தில்தான் தேற முடியும் என்று நம்பிய காலத்தில், இங்கிருந்த காசநோய் ஆய்வு மையம் நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்தது. வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகவே தேறினார்கள் என்று 1959-ல் முடிவு வந்தது. அதன் பிறகு உலகெங்கும் சானடோரியத்தின் காலம் முடியத் தொடங்கியது. மருந்துக்குப் பொருந்தியது பயிற்சிக்கும் தானாகப் பொருந்திவிடாது. தனியாகச் சோதிக்க வேண்டும். ஆனால் சோதிக்கும் வழியை நாம் அறிவோம்.

ஆள்களும் ஓரளவு இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுபோகிறது. பக்கவாதம் வந்தவருக்குக் கையை நீட்டி மடக்கக் கற்றுத்தரும் அதே பிசியோதெரபிஸ்ட் சிஓபிடி நோயாளிக்கும் பயிற்சி தரலாம். கை வைக்காத நாற்காலி ஒன்று, மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில் இரண்டு, விரல் கிளிப், வாசலிலிருந்து தெருமுனைவரை அளந்த தூரம் இவ்வளவும் போதும். கையை ஊன்றாமல் எத்தனைமுறை எழுந்து உட்கார முடிகிறது என்று வாராவாரம் எண்ணினாலே முன்னேற்றம் தெரிந்துவிடும். டிஸ்சார்ஜாகும் நாளிலேயே நோயாளியின் பெயர் அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் இதில் கடினமான பகுதி.

எங்கே நிற்கிறோம்

சான்றுகளை ஒருசேர வைத்துப் பார்த்தால் சிலவற்றை உறுதியாகச் சொல்லலாம். நோய் முற்றித் திரும்பியவருக்கு, மூன்று முதல் நான்கு வாரத்துக்குள் கண்காணிப்போடு தொடங்கும் பயிற்சி நடையைக் கூட்டுகிறது, வாழ்க்கைத் தரத்தை உயர்த்துகிறது. மறுசேர்க்கையையும் பெரும்பாலும் குறைக்கிறது. உயிரைக் காக்கிறதா என்பதில் நம்பிக்கை தரும் அறிகுறிகள் உண்டு, முடிவான நிரூபணம் இல்லை. மருத்துவமனைப் படுக்கையிலேயே முழுத் திட்டத்தைத் தொடங்கி, பிறகு நோயாளியை அவர் பாட்டுக்கு விட்டுவிடுவது பலன் தராது, தீங்கும் செய்யக்கூடும். சிஓபிடி தவிர்த்த பிற நுரையீரல் நோய்களில், குறிப்பாக நுரையீரல் தழும்பு நோயிலும் காசநோய்க்குப் பின்னான பாதிப்பிலும், நோய் முற்றியதற்குப் பிந்தைய பயிற்சி பற்றிய சான்று மெலிந்தது.

"எவ்வளவு சீக்கிரம்" என்று இத்துறை இருபதாண்டு கேட்டுவிட்டது. சிறிது முன்னே பின்னே போனாலும் அதற்குப் பதில் கிடைத்திருக்கிறது. இனி ஆய்வுகள் கேட்க வேண்டியது, கடைசி ஊசி போட்ட வார்டுக்கும் முதல் பயிற்சிக்கும் நடுவில் நோயாளியை யார் கைபிடித்துக் கூட்டிப்போவது என்பதைத்தான். வாரம் எத்தனைமுறை வீட்டுக்குப் போனால் பலன் கிடைக்கிறது, சுகாதாரத் தன்னார்வலர் எவ்வளவு செய்யலாம், பிசியோதெரபிஸ்ட் எப்போது நேரில் இருந்தே ஆக வேண்டும் என்பவற்றை நம்மூர் நோயாளிகளை வைத்தே, மறுசேர்க்கையையும் இறப்பையும் எண்ணி, முறையாகச் சோதிக்க வேண்டும். அந்த முடிவுகள் வரும்வரை மருத்துவமனைகள் கைகட்டிக் காத்திருக்கத் தேவையில்லை. சிஓபிடி நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு வார்டும், பயிற்சி எந்தத் தேதியில், எங்கே, யாரிடம் தொடங்கும் என்று அன்றே முடிவுசெய்துவிடலாம். அதற்குப் புதிய மருந்தோ பெரிய கருவியோ தேவையில்லை.